அல்சூரில் ஒரு மோஜோ பை வகுப்பு

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஹூடூ என்னும் நாட்டு மாந்திரிக மரபில், தாயத்து போன்ற ‘மோஜோ’ மூலிகைப் பை கட்டக் கற்றுத்தரும் இந்த ஞாயிறு வகுப்பு, பெங்களூரு அல்சூரில் ஒரு மாடி அறையில் தமிழிலேயே நடக்கிறது. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்கள், மூலிகை வேர்களைப் பற்றிய தங்கள் அறிவோடு அம்மண்ணின் பூர்வகுடிகளுடைய மூலிகைகளையும் விவிலியச் சங்கீதங்களையும் சேர்த்து வளர்த்த மரபு இது என்பதையும், கறுப்பின எழுத்தாளரும் மானுடவியலாளருமான சோரா நீல் ஹர்ஸ்டன் 1928இல் நியூ ஆர்லியன்ஸில் தங்கி அதைத் திரட்டியதையும் ஆசிரியை நிதானமாக விளக்கினார். சிவப்பு ஃபிளானல் துணியில் வேரை வைத்து, வாய்க்குள் வேண்டுதலை முணுமுணுத்தபடியே அவர் முடிச்சிட்டதில், நம்மூர்த் தாயத்துகளில் அரிதாகிவிட்ட கைநேர்த்தி தெரிந்தது. விற்பனைக்கு வைத்திருந்த ‘ஹை ஜான்’ வேர், நம் சிவதையின் குடும்பத்தைச் சேர்ந்த கடும் பேதி மருந்து. உட்கொள்ளக் கூடாது என்று பொட்டலத்தில் அச்சிடாதது பெருங்குறை. கட்டணம் சற்று அதிகம்தான். வண்டி நிறுத்த இடமில்லாததால் மெட்ரோவில் செல்வதே நல்லது.