ஒரு மலைக்கடையின் கைப்பேசி வியாபாரம்: வாட்ஸ்அப் பிசினஸ், இன்ஸ்டாகிராம், கூகுள் குறித்த நீண்டகால அனுபவம்

கொடைக்கானலில் மலைப்பூண்டு, தாண்டிக்குடி பக்கத்துக் காப்பித்தூள், மிளகு, தேன், காலம் வந்தால் பட்டர் ஃப்ரூட் ஆகியவற்றை விற்கும் சிறிய கடை எங்களுடையது. கல்லாவில் நான் இருப்பேன். பொட்டலம் கட்டுவதும் பார்சல் அனுப்புவதும் என் தங்கையின் பொறுப்பு. வேறு ஆள் கிடையாது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-இல் வந்த புதிதிலேயே கடை எண்ணை அதற்கு மாற்றிவிட்டேன். இன்ஸ்டாகிராமும் கூகுளின் வணிகப் பக்கமும் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இத்தனை ஆண்டுகளில் இவற்றுள் எது சோறு போட்டது, எது நேரத்தைத் தின்றது என்பதை எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

எந்த அளவுகோலால் அளக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மலையூரின் வியாபாரம் சீசனை நம்பியது. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் குடிக்கவும் நேரமிருக்காது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் பாதியாகிவிடும். வெளியூர்க்காரருக்கு எங்கள் ஊர் ஆண்டுக்கு ஒருமுறை, பலருக்கு வாழ்நாளில் ஓரிரு முறை. ஆனால் அவர் வீட்டு அடுக்களையில் பூண்டும் காப்பித்தூளும் மாதந்தோறும் தீர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒருமுறை கடைக்கு வந்துபோனவரை, அவர் மலையிறங்கிய பிறகும் நம்மிடமே வாங்க வைக்கிறதா என்ற ஒரே கேள்வியைக் கொண்டுதான் நான் எந்தச் செயலியையும் எடைபோடுகிறேன். பின்தொடர்வோர் எத்தனை பேர் என்பது இந்தக் கணக்கில் வராது.

இப்படிப் பார்த்தால் வாட்ஸ்அப் பிசினஸுக்கே முதலிடம். மற்றவை வெகுதூரம் பின்னால் வருகின்றன. இது எனக்கு உறைத்தது 2020 மார்ச் ஊரடங்கின்போது. மலைக்கு வண்டி ஏறுவது நின்றுபோன அந்த மாதங்களில் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் படங்களுக்கு ஏக்கத்தோடு இதயக்குறி போட்டவர்கள் ஏராளம். தபால் போக்குவரத்து சீரானதும் உண்மையில் பணம் கட்டி வாங்கியவர்களோ, முந்தைய சீசன்களில் கடைக்கு வந்து எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள்தாம்.

செயலியில் கேட்லாக் என்றொரு பகுதி உண்டு. 500 பொருள்கள் வரை படம், எடை, விலையோடு அடுக்கி வைக்கலாம். எங்களைப் போன்ற கடைக்கு அதில் ஒரு மூலை போதும். படம் எடுக்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்துப் போடுங்கள் என்று சொல்வேன். 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவெண்ணும் பொட்டலமிட்ட தேதியும் கண்ணில் பட்டால், முகம் தெரியாத கடைக்குப் பணம் அனுப்பும் தயக்கம் பாதி தீர்ந்துவிடுகிறது. மலைப்பூண்டுக்கு மட்டும் கேட்லாக்கில் நான் விலை போடுவதில்லை. வடுகபட்டிச் சந்தையில் பூண்டு ஏறி இறங்கும் வேகத்துக்கு அதைத் திருத்திக்கொண்டே இருக்க இயலாது. பழைய விலையைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவரிடம் புதிய விலையைச் சொல்வதைவிடச் சங்கடமான வேலை கடைக்காரனுக்கு வேறில்லை. ஆகவே அன்றைய பூண்டு விலையைக் காலையில் ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறேன். 24 மணி நேரத்தில் அது தானாக மறைந்துவிடுவதால், போன மாத விலையை யாரும் தோண்டி எடுத்து வந்து நியாயம் கேட்பதில்லை. ஸ்டேட்டஸைப் பலரும் காலை வணக்கப் படங்களுக்குச் செலவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அன்றாட வேலையில் மிக அதிகமாகக் கை கொடுப்பவை லேபிள்கள். எங்களுக்கு வரும் ஆர்டர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணே, போன தடவை அனுப்புன அதே தூள் அரைக் கிலோ, சிக்கரி இல்லாம. பூண்டு ஒரு கிலோ. பழைய அட்ரஸ்தான்." அதே தூள் எது, பழைய அட்ரஸ் எது என்பதெல்லாம் என் தலையில் இருக்கும் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது செயலியின் வேலை. அவருடைய முகவரி வந்த செய்திக்கு முதல் முறையே நட்சத்திரக் குறி இட்டுவைத்திருப்பதால் ஒரு நொடியில் எடுத்துவிடலாம். உரையாடலை மேலே தள்ளிப் பார்த்தால் எந்த வறுவல், எந்த அரைப்பு என்பது தெரிந்துவிடும். பிறகு அந்த உரையாடலுக்கு 'புதிய ஆர்டர்' என்று லேபிள் ஒட்டுகிறேன். தொகையைச் சொன்னதும் அது 'பணம் பாக்கி' ஆகும். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதும் 'பணம் வந்தது' ஆகும். மாலையில் தங்கை தன் டேப்லெட்டில் அந்தக் கடைசி லேபிளை மட்டும் திறந்து, மேலிருந்து கீழாகப் பொட்டலம் கட்டிக்கொண்டே வருவாள். பார்சல் போனதும் ரசீதின் படத்தை அனுப்பிவிட்டு லேபிளை மாற்றிவிடுவாள். இருபது லேபிள்கள் வரை வைத்துக்கொள்ள வழியுண்டு என்றாலும் ஐந்துக்கு மேல் போனால் எதை எங்கே ஒட்டினோம் என்பதே மறந்துவிடும். ஒரே எண்ணை நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். ஆனால் முதன்மைக் கைப்பேசியை 14 நாள்களுக்கு மேல் திறக்காமல் விட்டால் இணைத்தவை எல்லாம் வெளியேறிவிடும் என்பதை, கடையை அடைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

விரைவுப் பதில்கள் இன்னொரு நல்ல வசதி. சாய்கோடு ஒன்றைத் தட்டி ஒரு சொல்லை எழுதினால் முன்பே எழுதிவைத்த பதில் வந்து நிற்கும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பூண்டு விலையைவிட இ-பாஸ் பற்றிய கேள்விகளே எங்களுக்கு அதிகம் வருகின்றன. அரசுத் தளத்தின் இணைப்போடு ஒரு பதிலை எழுதிவைத்திருக்கிறேன்; விற்பனையோடு தொடர்பில்லாத உதவிதான், ஆனாலும் அப்படிக் கேட்டவர்களில் பலர் மலையேறியதும் கடையைத் தேடி வருகிறார்கள். பட்டர் ஃப்ரூட்டுக்கும் ஒரு பதில் தயாராக உண்டு. பார்சலைப் பிரித்ததும் "பழம் கல்லு மாதிரி இருக்கே" என்று வரும் புகாருக்கு, அது மரத்தில் கனிவதில்லை, பறித்த பிறகே கனியும், செய்தித்தாளில் சுற்றிச் சில நாள் வையுங்கள் என்ற விளக்கமும் சிறு காணொளியும் போய்ச் சேரும். பழப் பார்சலைத் திங்கள் முதல் புதன் வரை மட்டுமே அனுப்புவோம் என்பதும் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்பிய பழம் ஞாயிறு முழுவதும் சமவெளிக் கிடங்கின் வெக்கையில் கிடக்க நேரும்.

வரவேற்புச் செய்தியின் அமைப்பை மட்டும் கவனித்துச் செய்ய வேண்டும். முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் இடைவெளிக்குப் பின் எழுதுபவருக்கும் அது தானாகப் போகும். மாதம் ஒருமுறை வாங்கும் பழைய வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு தடவையும் "எங்கள் கடைக்கு வரவேற்கிறோம்" என்று போனால், நம்மை மறந்துவிட்டானோ என்று அவர் நினைக்கக்கூடும். தொடர்புப் பட்டியலில் இல்லாதவர்களுக்கு மட்டும் அனுப்பு என்ற தெரிவு உள்ளேயே இருக்கிறது. அதைத் தேர்ந்துகொள்வது நல்லது.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே உண்மையான வேலை கடையில்தான் நடக்கிறது. பணம் வாங்கும்போதே, "அறுவடை வந்தா சொல்றேன்மா, நம்ம நம்பரைச் சேவ் பண்ணிக்குங்க" என்று கேட்டு, அவர் சேமிக்கும்வரை அடுத்தவருக்கு எடை போடாமல் நிற்பேன். சீசன் நெரிசலில் இது கடினம். இருந்தாலும் அந்த அரை நிமிடம்தான் ஆடி மாத வியாபாரம். அப்படிச் சேர்ந்தவர்களுக்கும் புதுப் பூண்டு, புதுக் காப்பி வரும்போது மட்டுமே எழுதுகிறேன். வாரந்தோறும் வாழ்த்தும் சலுகையும் அனுப்பித் தொல்லை கொடுத்தால் அவர்கள் தடுத்துவிடுவார்கள். புகார்கள் சேர்ந்தால் எண்ணே முடக்கப்படலாம்.

இன்ஸ்டாகிராமுக்கு வருகிறேன். டிக்டாக் தடைசெய்யப்பட்ட சில நாள்களில், 2020 ஜூலையில், ரீல்ஸ் இந்தியாவில் அறிமுகமானது. அதன்பின் படம் மட்டும் போடும் கடைப் பக்கங்களுக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் பெரும்பாலோர் கோக்கர்ஸ் வாக்கில் பனிமூட்டம் ஏறுவதைப் படம்பிடித்துப் போடுகிறார்கள். பார்வை குவியும், "சொர்க்கம்" என்று கருத்துகள் வரும், கல்லாவில் காசு விழாது. பனியை ரசித்தவருக்குப் பனிதான் வேண்டும், பூண்டு அன்று. அதற்கு மாறாக, பூம்பாறையில் பூண்டைப் பிடுங்கி, மண்ணை உதறி, தண்டோடு பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிடுவதைக் காட்டிய ரீலுக்குப் பார்வை குறைவாகவே வந்தது. ஆனால் அதைச் சேமித்து வைத்தவர்களும் வீட்டாருக்கு அனுப்பியவர்களும் அதிகம். மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. சமவெளிப் பூண்டையே மலைப்பூண்டு என்று விற்கிறார்கள் என்ற சந்தேகம் வாங்குபவர்களுக்கு எப்போதும் உண்டு. எந்தத் தோட்டம், யார் பறித்தது என்பதைக் காட்டும் காணொளி அந்தச் சந்தேகத்துக்கான விடை. ஆகவே புள்ளிவிவரப் பகுதியில் லைக் எண்ணிக்கையைத் தாண்டி, சேமித்தவர், பகிர்ந்தவர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறேன்.

வணிகக் கணக்கில் திரைப்பாடல்கள் பெரும்பாலும் கிடைக்கா. உரிமச் சிக்கல்தான் காரணம். இதைக் குறையாக நான் நினைக்கவில்லை. வறுபடும் காப்பிக்கொட்டை வெடிக்கும் ஓசையே எங்கள் ரீலுக்குப் போதுமான இசை. "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதும் வழக்கத்தை மட்டும் எந்தக் கடைக்காரரும் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலையை மறைக்கும் கடை ஆளைப் பார்த்து விலை சொல்லும் என்றே வாங்குபவர் எண்ணுவார். அப்படி எண்ணுவதில் தவறும் இல்லை.

கூகுள் மை பிசினஸ் என்று இருந்து 2021 நவம்பரில் பெயர் மாறிய கூகுள் பிசினஸ் புரொஃபைல், மலையிறங்கியவருக்குப் பயன்படாது. மலையேறியவரைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இதில் செய்ய வேண்டியவை சிலவே. வளைவும் ஏற்றமுமான எங்கள் தெருக்களில் வரைபடக் குறி ஒரு விரற்கடை தள்ளி நின்றாலும் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்த் திரும்ப முடியாமல் தவிக்கும். அதனால் குறியைக் கடைவாசலிலேயே நிறுத்த வேண்டும். பண்டிகை, விடுமுறை நாள்களின் நேரத்தை முன்கூட்டியே மாற்ற வேண்டும். மதிப்புரைகளுக்குப் பதில் எழுத வேண்டும். "விலை அதிகம்" என்று இரண்டு நட்சத்திரம் கொடுத்த ஒருவருக்கு, அன்றைய சந்தை விலை, பூண்டை உலர்த்தித் தரம் பிரிக்கும் கூலி இரண்டையும் நான்கு வரிகளில் எழுதினேன். அவர் மதிப்பெண்ணை மாற்றவில்லை, ஆனால் அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. ஐந்து நட்சத்திரம் போட்டால் சாக்லேட் இலவசம் என்று பலகை வைப்பது கூகுளின் விதிகளுக்கு எதிரானது, செய்யாதீர்கள். அந்தப் பக்கத்திலிருந்த அரட்டை வசதியைக் கூகுள் 2024 ஜூலையில் நிறுத்தியபோது, அங்கே வந்தவர்களின் எண்களைத் தனியே குறித்துவைத்திருந்த கடைகளுக்கு ஒன்றும் நேரவில்லை. வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் இன்றும் எங்கள் கடையில் ஒரு நீளக் கணக்கு நோட்டில் கையால் எழுதப்படுகின்றன.

ஃபேஸ்புக்கில் எங்களுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் மட்டுமே வாடிக்கை; நிதானமாகப் படித்து, நிதானமாக வாங்கும் நல்ல மனிதர்கள். இன்ஸ்டாகிராமில் போடுவதே அங்கும் போகும்படி இணைத்திருக்கிறேன், தனியாக உழைப்பதில்லை. பணம் கட்டிப் பதிவை உயர்த்தும் விளம்பரத்தைப் பொறுத்தவரை, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்துதான் தொகை பிடிக்கப்படும், ஜி.எஸ்.டி. பதிவில்லாத சிறு கடைக்கு அது திரும்பக் கிடைக்காத செலவு. புதுக் காப்பி வரும் நேரத்தில் மதுரை, திண்டுக்கல், கோவை என்று ஊரைக் குறிப்பிட்டுச் சிறு தொகைக்குச் செய்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மழைக்காலத்தை நினைவில் வைத்துத்தான் இவை எல்லாவற்றையும் திட்டமிட வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்தால் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மலையை என்ன செய்தது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் வரும் ஆர்டருக்கு நாள் குறித்து வாக்குக் கொடுப்பதில்லை. "மழை விட்டதும் அனுப்புவோம்" என்பதை, நாம் இல்லாதபோது வாட்ஸ்அப்பில் தானாகப் போகும் விடுப்புச் செய்தியாகவே வைத்துவிடுகிறேன்.

கடைசியாகப் பாதுகாப்பு. கடை எண்ணின் சிம், கடை உரிமையாளர் பெயரிலேயே இருக்கட்டும். வேலைக்கு வந்த பையன் பெயரில் வாங்கிய சிம் அவனோடு போய்விடும். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை இன்றே அமையுங்கள். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொட்டலம் கட்ட வேண்டாம். கணக்கில் ஏறிய பிறகே லேபிள் மாற வேண்டும். மொத்தமாக வாங்குகிறேன் என்று சொல்லி, பணம் பெறுவதற்காக உங்கள் யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடச் சொல்பவர் வாடிக்கையாளர் அல்லர். பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. பதிப்புரிமை மீறலுக்காக உங்கள் பக்கம் 24 மணி நேரத்தில் நீக்கப்படும் என்று மிரட்டி ஓர் இணைப்பைத் தட்டச் சொல்லும் செய்தி சீசன் தொடங்கும்போது தவறாமல் வரும். அதைத் திறக்காமலேயே அழித்துவிடலாம்.