'10 நாளில் பணம்' என்று பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) வந்தால் நாள் எதிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள்

வியாசர்பாடி, மாதவரம் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் கவனத்துக்கு. சரக்கு சொன்ன தேதியில் வந்தால் 10 நாளில் பணம், அதற்கு 2% கேஷ் டிஸ்கவுண்ட் பிடித்துக்கொள்வோம், இல்லாவிட்டால் வழக்கம்போல 45 நாள். இப்படி ஒரு சலுகையோடு ஆர்டர் வருகிறது. ஒழுங்காக நடந்தால் பரவாயில்லை. 35 நாள் முந்தி வரும் பணத்துக்கு 2% என்பது வருஷ வட்டியில் 21% ஆகிறது. கனமான வட்டிதான். ஆனாலும் சாத்தங்காட்டில் ரொக்கம் கொடுத்து இரும்பு எடுப்பவருக்குக் கையில் காசு புரள்வது முக்கியம்.

மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் நடந்ததைக் கேளுங்கள். 4 லட்சத்துக்கு ஃபிளாஞ்ச், ஜி.எஸ்.டி. 72,000 தனி. சரக்கு தேதி தவறாமல் இறங்கியது. ஸ்டோர்ஸில் ஜி.ஆர்.என். (சரக்கு பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) போட்டதோ, இறங்கியதிலிருந்து 58ஆம் நாள். பணம் வந்தது 68ஆம் நாள், அதிலும் 8,000 பிடித்தம். கேட்டதற்கு, "ஜி.ஆர்.என்.லேர்ந்து பத்து நாள்தானே சார்" என்று பி.ஓ.வின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். முதலில் வந்த சின்ன ஆர்டர்களுக்கு ஜி.ஆர்.என். மறுநாளே விழுந்தது. பெரிய ஆர்டர் வந்ததும் தரம் பார்க்கும் க்யூ.சி. ஆளே கிடைக்கவில்லையாம்! ஜி.எஸ்.டி. அதற்கெல்லாம் காத்திருக்காது. மாதாந்திர ரிட்டர்ன் போடுபவர் அந்த 72,000-ஐ அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன் பி.ஓ.வில் "கேட் இன்வேர்டு (வாசலில் சரக்கு பதிவாகும்) தேதியிலிருந்து 10 நாள், தாண்டினால் டிஸ்கவுண்ட் கிடையாது" என்று எழுதி வாங்குங்கள். போனில் சொன்னது செல்லாது. டெலிவரி சலானில் கேட் சீல், தேதி, கையெழுத்து மூன்றும் இல்லாமல் வண்டியைத் திருப்பாதீர்கள். பின்னால் வழக்கு என்று போனால் கையில் நிற்பது அந்தச் சலான்தான்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் இறங்கிய நாளே கம்பெனி சரக்கை ஏற்றுக்கொண்ட நாள். ஜி.ஆர்.என். எப்போது போட்டார்கள் என்பது அங்கே எடுபடாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாள்தான் உச்சம்; எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. விகிதம் 6% என்றால் 18%. மேலே சொன்ன பில்லில் 68-இல் 45 போக 23 நாளுக்கு வட்டி கேட்கலாம்.

இதற்கு உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு வேண்டும். ஆர்டர் எடுக்கும் முன்பே எடுத்து, அந்த எண்ணை பில்லிலேயே அச்சடியுங்கள். பதிவு இலவசம், காசு கேட்கும் ஏஜென்ட் பக்கம் போகாதீர்கள். வாங்கி விற்கும் டிரேடிங்குக்கு இந்தப் பாதுகாப்பை நம்பி இறங்க வேண்டாம்.

பணம் தாமதமானதற்கு அரசிடம் புகார் போட்டால் அந்தக் கம்பெனி ஆர்டர் நின்றுவிடும் என்ற பயம் நியாயமானதுதான். முதலில் அவர்கள் பர்ச்சேஸ் ஆட்களை விட்டுவிட்டு அக்கவுண்ட்ஸுக்கு உத்யம் சான்றிதழோடு மெயில் போடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டிய பாக்கியை, கொடுக்கும் வருஷம் வரை செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. மார்ச் மாதத்தில் போடும் மெயிலுக்குப் பதில் சீக்கிரம் வரும்.