கோத்தகிரி மலைப்பாதையில் எட்டு மாதங்கள்: காரின் ஓட்டுநர் உதவி அமைப்பு பற்றி ஒரு மதிப்புரை

கேமராவும் ராடாரும் கொண்டு சாலையைப் பார்த்து, தேவைப்படும்போது தானே பிரேக் போட்டு ஸ்டீயரிங்கையும் திருப்பும் ஓட்டுநர் உதவி அமைப்பு, அதாவது விற்பனையாளர்கள் 'அடாஸ்' என்று சொல்லும் வசதி பொருத்தப்பட்ட கார் ஒன்றை எட்டு மாதங்களாக ஓட்டிவருகிறேன். வீடு கோத்தகிரியில் இருக்கிறது. வேலைக்காக வாரத்துக்கு இரண்டு முறையாவது மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கி ஏற வேண்டியிருப்பதால், மலைப்பாதையிலும் சமவெளிச் சாலையிலும் இந்த அமைப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. காரின் பெயரைச் சொல்லவில்லை. இன்று பல நிறுவனங்களின் கார்களில் ஏறக்குறைய ஒரே வடிவில் வரும் வசதி இது.

வாங்கிய நாளில் ஷோரூமில் எனக்குச் சொல்லப்பட்டது, "வண்டியே பார்த்துக்கொள்ளும் சார், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்" என்பது. இந்தப் பேச்சு அபாயகரமானது. ஒரு கார் எந்த அளவுக்குத் தானாக ஓடும் என்பதைக் குறிக்க எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு 2014-இல் வெளியிட்ட அளவுகோலில் பூஜ்ஜியம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகள் உள்ளன. என் கார் இரண்டாம் நிலையைச் சேர்ந்தது. இந்த நிலையில் கார் ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் சேர்த்துக் கையாளலாம், ஆனால் சாலையைக் கவனிக்கும் பொறுப்பு ஒரு நொடிகூட ஓட்டுநரை விட்டு நீங்குவதில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாத, வேமோ என்னும் நிறுவனத்தின் தானோட்டிக் கார்கள் 2020 அக்டோபரில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பகுதியில் பொதுமக்களுக்கு ஓடத் தொடங்கின என்பது உண்மைதான். ஆனால் அவை நான்காம் நிலையைச் சேர்ந்தவை, முன்கூட்டியே நுணுக்கமாக வரைபடம் தயாரிக்கப்பட்ட எல்லைக்குள் மட்டும் ஓடுபவை. அந்தச் செய்தியைக் காட்டி இந்தக் காரை விற்பது முறையல்ல.

சமவெளியில் இந்த அமைப்பின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. காரமடையைத் தாண்டி ஒரு மாலை வேளையில், இடப்பக்கச் சந்திலிருந்து இருசக்கர வாகனம் ஒன்று திடீரென்று குறுக்கே வந்தபோது, என் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே கார் பிரேக் பிடித்துவிட்டது. அதில் தாயும் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியும் இருந்தார்கள். இந்த ஒரு நிகழ்வுக்காகவே தானியங்கி அவசர பிரேக் எல்லா கார்களிலும் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மேட்டுப்பாளையத்தைக் கடந்து ஏறத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. மலையில் வண்டி ஓட்டுவது, எதிரில் வருபவரோடு செய்துகொள்ளும் உடன்பாடு. கொண்டை ஊசி வளைவுக்கு முன் ஹாரன் அடிக்கிறோம். எதிரில் பேருந்து இருந்தால் பதில் ஹாரன் வருகிறது. வளைவைத் திரும்ப அதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும் என்பதால் கீழேயே நின்று காத்திருக்கிறோம், அல்லது ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்ற விதிப்படி அவர் நின்று நமக்கு வழி விடுகிறார். காரின் கேமராவும் ராடாரும் நேர்க்கோட்டில் தெரிவதை மட்டுமே அறிகின்றன. வளைவுக்கு அப்பால் ஒலிக்கும் ஹாரன் அவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. பேருந்துக்கு இடம் விட்டு நான் இடப்புறம் ஒதுங்கும்போது, வண்டியைச் சாலைக் கோடுகளுக்குள் வைத்திருக்கும் 'கோடு காக்கும் வசதி', மண் ஓரத்தைக் கோடு தாண்டியதாக எண்ணி ஸ்டீயரிங்கை மீண்டும் நடுவே இழுக்கிறது. இரண்டு முறை, குஞ்சப்பனைக்கு மேலே வளைவில் திரும்பும்போது எதிரே இருந்த தடுப்புச் சுவரைத் தடையாகக் கருதி நடு ஏற்றத்தில் கார் தானே பிரேக் போட்டது. பின்னால் காய்கறி ஏற்றிய பிக்கப் வந்துகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் விலகிச் சென்றதால் தப்பினோம்.

இறக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் வசதியை இறக்கத்தில் ஒருமுறை போட்டு வைத்தேன். என் காரில் அது கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தை அடக்காமல், பிரேக்கையே திரும்பத் திரும்பப் பிடித்தது. அடிவாரத்தை நெருங்கும்போது பிரேக் கருகும் வாசனை வந்தது. தேயிலை ஏற்றும் வண்டி ஓட்டுகிற என் அண்ணன் பக்கத்தில் இருந்தார். "இறக்கத்துல பிரேக்கை யாருடா மிதிக்கிறது, நீயா வண்டியா?" என்று கேட்டு, உடனே அதை அணைக்கச் சொன்னார். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் முழுவதையும் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்வது, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக. அதே காரணத்துக்காகத்தான் அவரும் அப்படிச் சொன்னார்.

மேகம் இறங்கிச் சாலையை மூடும்போது, 'கேமரா தற்காலிகமாகச் செயல்படவில்லை' என்று கார் திரையில் அறிவிக்கிறது. இயலாததை இயலாது என்று சொல்லும் அந்த நேர்மையை மதிக்கிறேன். எனக்குக் கவலை தருவது, எதுவும் அறிவிக்காமல் பார்க்கத் தவறுவதுதான். அரவேனு அருகே ஓர் இரவு சாலையில் நின்ற காட்டெருமை திரையில் தோன்றவே இல்லை. கம்பளி போர்த்தி, தலையில் விறகுக் கட்டோடு நடந்துவந்த ஒரு மூதாட்டியின் உருவம் மிக அருகில் சென்ற பிறகே திரையில் வந்தது. 2018 மார்ச் 18 அன்று இரவு அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார். அந்தக் கார் மோதலுக்கு ஐந்து நொடிகளுக்கு மேல் முன்னதாகவே அவரைக் கண்டிருந்தும், வாகனம், வேறு பொருள், மிதிவண்டி என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தி, அவர் செல்லும் பாதையைக் கணிக்கத் தவறியது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. கண்காணிக்க அமர்ந்திருந்தவரின் பார்வை சாலையில் இல்லை. மனிதர் கவனிப்பார் என்று இயந்திரமும் இயந்திரம் கவனிக்கும் என்று மனிதரும் விட்டுவிடும் அந்த இடைவெளிதான், "சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்" என்ற பேச்சால் நம் சாலைகளுக்கும் வந்து சேர்கிறது.

பராமரிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஜல்லி தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டதால் மாற்ற நேர்ந்தது. கேமரா அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் அதன் கோணத்தைக் கருவி கொண்டு மறுபடியும் சரிசெய்ய வேண்டும். அதற்குக் கோவை வரை போக வேண்டியிருந்தது.

இப்போது மேட்டுப்பாளையத்தில் மலை ஏறுவதற்கு முன் கோடு காக்கும் வசதியையும் க்ரூஸையும் அணைத்துவிடுகிறேன். அவசர பிரேக்கை மட்டும், அதன் தவறுகளைத் தெரிந்துகொண்டே, வைத்திருக்கிறேன். வளைவுகளில் பின்னால் வருபவருக்குக் கூடுதல் இடைவெளி இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன். நீலகிரியில் இருந்துகொண்டு இத்தகைய காரை வாங்க எண்ணுபவர்கள் சோதனை ஓட்டத்தைக் கோவை அவினாசி சாலையோடு முடித்துக்கொள்ள வேண்டாம். குறைந்தது பர்லியார் வரையாவது ஏறி இறங்கிக் காட்டச் சொல்லுங்கள். கோடு காக்கும் வசதியை அணைத்த பிறகு எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கி, அது அணைந்தே இருக்கிறதா என்றும் பாருங்கள். என் காரில் ஒவ்வொரு முறையும் அது தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கிவிடுகிறது.