பூஞ்சை டெஸ்ட் கிட்: இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு

கீழ்வீட்டு அக்கா போன வாரம் கேட்டார்: "அந்தப் பூஞ்சை டெஸ்ட் கிட் விலை குறைஞ்சிருக்காமே, வாங்கலாமா?" மாடிப்படியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்ததும், சென்னையில் எங்கள் வீட்டில் மகளின் அறையில் ஓத வாடை வந்தது. பீரோவை நகர்த்தினால் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. அவளுக்கு வீசிங் உண்டு. அந்தப் பயத்தில் வாங்கியதுதான் இந்தக் கிட்.

கிட்டில் காற்றைச் சோதிக்க அகார் தட்டுகள் இருந்தன, அதாவது பூஞ்சை வளர ஜெல்லி ஊற்றிய தட்டுகள். ஒன்றை அவள் அறையில் திறந்து ஒரு மணி நேரம் வைத்து மூடினேன். ஐந்தாம் நாள் பச்சையும் கறுப்புமாகப் பஞ்சு பஞ்சாக வளர்ந்திருந்தது. வயிறு கலங்கிப்போய் அவளை ஹாலில் படுக்க வைத்தேன். அப்புறம் ஹாலில் ஒரு தட்டு வைத்தேன், அதிலும் வளர்ந்தது. சமையலறையிலும் வளர்ந்தது. கடைசியில் மொட்டை மாடியில் வைத்தேன். இருப்பதிலேயே அதிகம் வளர்ந்தது அங்கேதான்.

பூஞ்சை பரவுவது வித்து என்கிற நுண்துகளால். அது இல்லாத காற்று எந்த வீட்டிலும் கிடையாது. தட்டில் விழுந்தது ஈரச்சுவரிலிருந்து வந்ததா, ஜன்னல் வழியே வந்ததா என்று தட்டுக்குத் தெரியாது. கனமான வித்து சீக்கிரம் விழும், லேசானது மிதந்துகொண்டே இருக்கும். அதனால் எண்ணிப் பார்த்தும் பயனில்லை. பம்ப் வைத்து நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்றை உறிஞ்சிச் சோதிப்பவர்கள்கூட வெளிக்காற்றிலும் ஒரு மாதிரி எடுத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். என் கிட்டின் கையேட்டில் அப்படி ஒரு வரி இல்லை. 'வளர்ந்தால் ஆபத்து' என்று சிவப்பெழுத்தில் மட்டும் போட்டிருந்தது. இரண்டு வருடமாகியும் அந்த வரியை என்னால் மன்னிக்க முடியவில்லை. குழந்தைக்கு மூச்சிரைக்கிற வீட்டில் அதைப் படிப்பவர்கள் எப்படித் தூங்குவார்கள்?

கண்ணால் பார்க்கும்படி பூஞ்சை இருந்தால் பெரும்பாலும் சோதனையே வேண்டாம் என்றுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. காற்றில் இத்தனை வித்து வரை இருக்கலாம் என்று அந்த நாட்டில் அரசு வரம்பும் இல்லை. இதையெல்லாம் வாங்கிய பிறகுதான் படித்தேன்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். கிட்டில் இருந்த, சுவரில் ஒட்டி எடுக்கிற டேப் உருப்படியானது. லேபுக்கு அனுப்பினேன், கிளாடோஸ்போரியம் என்கிற பூஞ்சை வகை என்று தெளிவாக எழுதி வந்தது. வெறும் அழுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்த ஹவுஸ் ஓனர் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் பிளம்பரை அனுப்பினார். அதே சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்ததற்கு லேப் தேவைப்படவில்லை. தண்ணீர் தெளித்ததும் கரைந்தது, அது உப்பு.

ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று காட்டியது கிட் இல்லை, காற்றின் ஈரத்தைக் காட்டும் 300 ரூபாய் ஈரப்பத மானி. முதலில் அதையே சோதித்தேன். பாட்டில் மூடியில் சமையல் உப்பைச் சேறு மாதிரி நனைத்து, மானியோடு ஜிப் பையில் அடைத்து ஒரு இரவு வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது. அன்றிலிருந்து 4 கூட்டிப் படிக்கிறேன். வீட்டுக் காற்றின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள்; சென்னை மழையில் ஏசி இல்லாமல் அது நடக்காது. ஆனால் ஹாலில் 72, பீரோவுக்குப் பின்னால் 86 என்றால் சுவரில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சுவரின் ஈரத்தைப் பார்க்க, இரண்டு ஊசி வைத்த ஈரமானியைத் தோழியிடம் இரவல் வாங்கிச் சுவர் முழுக்கக் குத்திப் பார்த்தேன். அதன் எண்கள் மரத்துக்கானவை, பூச்சுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியும். பாத்ரூம் பக்கம் போகப் போக ஏறியது. உடைத்துப் பார்த்தால் குழாய் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றி, சுவரைக் காயவிட்டு, பீரோவை ஒரு சாண் தள்ளிப் போட்டோம். அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

அதனால் அக்கா, வாங்காதீர்கள். டேப்பை நான்தான் மெச்சினேன், இருந்தாலும் வாங்காதீர்கள். அந்தச் சிவப்பெழுத்தோடு பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். என்னிடம் பிரிக்காத தட்டு ஒன்று ஃபிரிட்ஜில் இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கியதும் மகள் அறையில் அதை வைத்துப் பார்ப்பேன். வைக்காமல் இருக்க மனசு கேட்காது.