டிசி கிளாம்ப் மீட்டர்: சொந்தமாகக் கட்டிய விமானத்தின் சார்ஜிங் கோளாறுக்கு உதவுமா?

வயரை வெட்டாமல், அதைச் சுற்றிக் கவ்வி கரன்ட் அளக்கும் கருவிதான் கிளாம்ப் மீட்டர். ஏசி கரன்ட் மட்டும் அளக்கும் மலிவு ரகம் இங்கே தண்டம். டிசி ரகத்திலும் வயரில் மாட்டுமுன் ஜீரோ பட்டனை அழுத்தாவிட்டால் அளவு தப்பும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பேனலுக்குப் பின்னால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் கருவி) வயரில் மாட்டுங்கள்; புரொப்பல்லர் பக்கம் கை போகவே வேண்டாம்.

12 வோல்ட் பேட்டரி அமைப்பில், எஞ்சின் ஓடும்போது பஸ்ஸின் (எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பட்டை) வோல்டேஜ் 13.8–14.4க்குள் நிற்க வேண்டும். அம்மீட்டர் முள் ஆடுகிறதா? ஆல்டர்னேட்டரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் மாஸ்டர் சுவிட்ச், சர்க்யூட் பிரேக்கர், கிரிம்ப் டெர்மினல் (வயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் உலோக முனை) இவற்றில் ஒன்று அரித்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, மாஸ்டரைப் போட்டு, இதே மீட்டரின் வோல்ட் முனைகளை பஸ்ஸிலும் ரெகுலேட்டரின் (ஆல்டர்னேட்டர் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் கருவி) உள்வரும் டெர்மினலிலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே குற்றவாளி அந்தப் பாதையில்தான். ஒவ்வோர் இணைப்பாக முனையை நகர்த்தினால் சிக்கிவிடும்.

வெயிலில் திரை மங்கல், அது ஒன்றுதான் எரிச்சல்.