மருந்துப் பெயர் பிரித்தானியம், அலகு அமெரிக்கம்: கொழும்பில் இருந்துகொண்டு மருத்துவத் தகவல் தேடுவது

'ஒரே வாரத்தில் சீனி வருத்தம் பறந்துவிடும்' என்று எழுதியிருக்கும் பக்கத்தை வாசிக்காமலே மூடிவிடலாம். அதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. நீண்ட காலம் பாவித்துப் பார்த்ததில், இப்படியான புளுகுத் தளங்களைவிட அதிகம் குழப்புவது நல்ல தளங்கள்தான். அங்கே இருப்பது சரியான தகவல். ஆனால் அது வேறொரு நாட்டுச் சனத்துக்காக எழுதப்பட்டது.

இலங்கையில் மருந்துகளுக்குப் பிரித்தானியப் பெயர்களே பழக்கம்: பரசிட்டமோல், சல்பியூட்டமோல், அட்ரினலின். அமெரிக்கத் தளத்தில் இவையே அசிட்டமினோபென், அல்பியூட்டரோல், எபிநெப்ரின். வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்சலில் போட்டுவிடும் தடிமன் குளிசையின் பெட்டியில் அசிட்டமினோபென் என்று இருக்கும். அதையும் போட்டு, மேலே இரண்டு பனடோலும் போட்டால் ஒரே மருந்து இரட்டிப்பாகிறது. வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் உச்ச எல்லை 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. அது எல்லாப் பெட்டிகளிலும் உள்ளதைச் சேர்த்த கணக்கு.

லெப் ரிப்போர்ட் மறுபக்கம். இங்கே சீனியும் கொலஸ்ட்ரோலும் பெரும்பாலும் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் வரும். அது அமெரிக்க வழக்கம். பிரித்தானியாவும் கனடாவும் லீற்றருக்கு மில்லிமோலில் எழுதுகின்றன. டொரொன்டோவில் இருக்கும் மாமி 'எனக்கு வெறும் வயிற்றில் சீனி ஏழு' என்றால் அது இங்கத்தைய 126, நீரிழிவு தொடங்கும் கோடு. 18ஆல் பெருக்க வேண்டும். கொலஸ்ட்ரோலுக்கு 38.7. ட்ரைகிளிசரைட்டுக்கும் அதே 38.7ஐப் போட்டுப் பெருக்குபவர்கள் நிறையப் பேர். அது தவறு, அதற்கு 88.6. கடந்த சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி வெறும் பெருக்கலுக்கு மசியாது: 6.5 வீதம் என்பது பிரித்தானிய ரிப்போர்ட்டில் 48 என்று இருக்கும், அட்டவணை பார்ப்பதே சுலபம்.

ஆகவே நடைமுறையில் மருந்து பற்றிப் பார்க்க பிரித்தானிய அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். தளம், ரிப்போர்ட் வாசிக்க அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ். இரண்டையும் மாற்றிப் பிடித்தால் தலைவலி. அலகு பொருந்தினாலும் கோடு பொருந்தாமல் போகலாம். வெறும் வயிற்றுச் சீனி 104 என்றால் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் 'முன்நீரிழிவு', ஏனென்றால் அவர்கள் 100இல் தொடங்குகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் தொடங்குவது 110இல். உடற்திணிவுச் சுட்டியிலும் (பிஎம்ஐ) இதே கதை: பொதுக் கணிப்பானில் 24 என்றால் பச்சை விளக்கு. ஆசியர்களுக்கு 23இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்பதால் இனம் கேட்கும் கணிப்பானே எங்களுக்குப் பொருத்தம், என்.எச்.எஸ். கணிப்பான் அதைக் கேட்கிறது.

இரண்டு தளங்களிலும் பிடித்த விஷயம் பக்கத்தின் அடியில் இருக்கும் திகதி. என்.எச்.எஸ். பக்கத்தில் கடைசியாக மீளாய்வு செய்த திகதியும் அடுத்த மீளாய்வுத் திகதியும் இருக்கும். மெட்லைன்பிளஸின் கலைக்களஞ்சியப் பகுதியில் மீளாய்வு செய்த மருத்துவரின் பெயரே இருக்கும். வேறு சில தளங்கள், நம்பகமான மருத்துவத் தளம் என்பதற்காக வழங்கப்பட்ட 'ஹொன்கோட்' முத்திரையை இன்னும் காட்டிக்கொண்டிருக்கின்றன. அதை வழங்கிய ஜெனீவா அமைப்பு 2022 முடிவோடு மூடப்பட்டுவிட்டது. இன்றைக்கு அந்த முத்திரைக்கு மதிப்பில்லை.

பிள்ளைகளின் சிரப்பில் மிகக் கவனம் வேண்டும். பரசிட்டமோல் சிரப் இங்கே பரவலாக 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். அமெரிக்காவில் 160. 250 உள்ள போத்தலும் உண்டு. 12 கிலோ பிள்ளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று டொக்டர் சொன்னால் ஒரு தடவைக்கு 180 மில்லிகிராம். 120 போத்தலில் அது 7.5 மில்லிலீற்றர். அதே 7.5ஐ 250 போத்தலில் ஊற்றினால் 375 மில்லிகிராம், இரு மடங்குக்கும் மேல். இணைய அட்டவணையில் மில்லிலீற்றர் மட்டும் இருந்தால் அந்த அட்டவணையே வேண்டாம். மில்லிகிராமை எடுத்து, கையில் இருக்கும் போத்தலின் லேபலைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

காய்ச்சல் விஷயத்தில் வெளிநாட்டுத் தளத்தை ஒதுக்கி வைப்பதே நல்லது. அங்கே காய்ச்சலுக்கு ஐபுபுரோபனும் சாதாரண ஆலோசனை. கொழும்பில் டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஐபுபுரோபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் மூன்றும் கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் எஃப்.பி.சி. என்ற முழு இரத்தக் கணக்கெடுப்புப் பரிசோதனை எடுக்க வேண்டும். ஆபத்தான கட்டம் வருவது காய்ச்சல் இறங்கும்போது, குருதிக் குழாயிலிருந்து திரவம் கசியத் தொடங்கும் அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில். 'காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை' என்ற பதிவுகள் உயிருக்கே உலை வைப்பவை. பப்பாளி இலைச்சாறு டெங்குவில் பிளேட்லெட்டைக் கூட்டும் என்ற வட்ஸ்அப் செய்தியும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. குணமாகும்போது பிளேட்லெட் தானாகவே ஏறும். அந்த நாளில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குப் போகும்.

உள்ளூர்த் தகவலுக்குக் கூகுளில் சும்மா தேடினால் முதலில் வருவது இந்தியத் தளங்கள். தேடும் சொல்லுக்குப் பிறகு ஆங்கிலத்தில் 'சைட்', உடனே முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் சுகாதார அமைச்சின் தள முகவரி என்று அடித்தால் தேடல் அந்தத் தளத்துக்குள் அடங்கும். தொற்றுநோயியல் பிரிவுக்குத் தனித் தளம் உண்டு, அதன் முகவரியைப் போட்டால் வாராந்த அறிக்கை அப்படிக் கிடைக்கும். அதன் அட்டவணையில் ஏ என்பது அந்த வாரத்து நோயாளர், பி என்பது வருடத் தொடக்கத்திலிருந்து கூட்டிய தொகை. பலர் பியைப் பார்த்து ஒரு வாரத் தொகை என்று பதறுகிறார்கள். கடைசியில் டி, சி என்ற இரண்டு நிரல்கள், அறிக்கைகள் நேரத்துக்கும் முழுமையாகவும் வந்தனவா என்று காட்டும். சி குறைந்த மாவட்டத்தில் எண் சிறிதாக இருப்பது நோய் குறைந்ததால் என்று சொல்ல முடியாது.

தடுப்பூசி அட்டவணையும் அப்படியே. எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசி) இங்கே 9 மாதத்திலும் 3 வயதிலும். அமெரிக்காவில் முதலாவதே 12 மாதத்துக்குப் பிறகு. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு வீட்டில் இருக்கும்போது இதை இணையத்தில் தேடுவானேன்?

தமிழில் கிடைப்பது குறைவு, இருப்பதும் ஒளிந்திருக்கும். சில அரச தளங்களில் 'தமிழ்' பொத்தானை அழுத்தினால் மெனு மட்டும் தமிழாகும், உள்ளே ஆங்கிலம். தமிழ்க் கையேடு பிடிஎஃப் ஆக இருந்தாலும் பழையவை பாமினி எழுத்துருவில் செய்தவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல். கூகுள் அதைக் கண்டுபிடிக்காது. வெட்டி ஒட்டினால் கிறுக்கல் வரும். பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவியில் ஒட்டினால் வாசிக்கலாம், ஸ்கேன் செய்த படமாக இல்லாத வரை. சுகாதார மேம்பாட்டுப் பணியகத்தின் தளத்தில் தேடற்பெட்டியைவிட மெனு வழியாகப் போவது பலன் தரும். மெட்லைன்பிளஸிலும் தமிழ்ப் பிரசுரங்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. சிறியதுதான், ஆனால் பெரும்பாலும் ஆங்கிலப் பிரதியும் பக்கத்திலேயே இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஏஐ அரட்டைக் கருவிகளைத் தமிழில் கேட்டால் அழகாகப் பதில் வரும். குறை என்னவென்றால் எந்த நாட்டு அளவு, எந்த நாட்டு அலகு என்று சொல்லாமல் கலந்து தரும். ரிப்போர்ட்டில் உள்ள சொல்லை விளங்கிக்கொள்ளவும், கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொள்ளவும் நல்லது. மருந்தளவுக்கு வேண்டாம்.

யூடியூப்பில் டொக்டர் என்று பேசுபவர் இங்கத்தையவர் என்றால் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். பெயர் இருப்பதால் அவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது, இல்லாவிட்டால் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்தது.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் போனில் தேடல் வேண்டாம், 1990 அம்புலன்ஸ். மனநல அவசரத்துக்கு 1926. பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கச் சொல்லும் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போகும் என்பதால் அது கூடாது. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. அதன் இலக்கத்தை இப்போதே பார்த்துப் போனில் சேமித்து வையுங்கள், அழைக்கும்போது போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு லேபலில் உள்ளதை வாசியுங்கள்.