தேகுப் பல்லியின் கூண்டுக்கு எந்த உட்பரப்பு நிலைக்கும்?

அர்ஜென்டினாவின் கறுப்பு வெள்ளை தேகு நான்கடிக்கும் மேல் வளரக்கூடிய பல்லி. அதற்கு எட்டடிக்கு நான்கடித் தரைப்பரப்பு வேண்டும். பிளைவுட் பலகை விற்கப்படும் அளவும் அதுவே என்பதால், கூண்டை வீட்டிலேயே செய்பவர்கள் பெரும்பாலும் பிளைவுட்டையே நாடுகின்றனர். தேகு வளை தோண்டும் பிராணி. ஓரடி ஆழத்துக்கு ஈர மண் இட்டால், அந்தத் தரைமீது ஒரு டன்னுக்கும் மேலான எடை அமர்கிறது. காற்றின் ஈரப்பதம் 70 முதல் 80 விழுக்காடு வரை இருக்கவேண்டும். வெயில் காயும் இடமோ 50 டிகிரி செல்சியஸை எட்டவேண்டும். ஈரம், நகம், வெப்பம் ஆகிய மூன்றையும் ஒரே பொருள் தாங்கும் என்று எதிர்பார்ப்பதே முதல் தவறு என்று கருதுகிறேன்.

மரத்துகளை அழுத்திச் செய்து, மெலமைன் என்னும் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டை உடனே ஒதுக்கிவிடலாம். துடைக்க எளிதுதான், ஆனால் அறுத்த விளிம்பில் ஈரம் ஏறினால் உள்ளிருக்கும் மரத்துகள் உப்பிவிடும், உப்பியது மீண்டும் வற்றாது.

பிளைவுட்டின்மேல் இடும் பூச்சுகளில் பாலியூரித்தேன் மலிவானது, தூரிகையால் எளிதாகப் பூசலாம். ஆயினும் அதன் படலம் மெல்லியது. சுவரின் நடுவே ஆண்டுக்கணக்கில் நிற்கும் அந்தப் படலம், மண்ணுக்கடியில் பல்லி ஒரே மூலையைத் திரும்பத் திரும்பப் பிறாண்டும்போது தாக்குப்பிடிப்பதில்லை. இரு திரவங்களைக் கலந்து இறுகவிடும் பிசினான இருபகுதி எபாக்ஸி அதைவிடத் தடிப்பாகவும் கடினமாகவும் படியும். அந்தக் கடினமே அதன் குறையும் ஆகிறது: மண்ணின் பாரத்தால் பலகை வளையும்போது மூலைப் பொருத்துகளில் எபாக்ஸி வெடிக்கும். பொருத்துகளில் கண்ணாடியிழை நாடாவைப் பதித்து அதன்மேல் பூசினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். புறஊதா விளக்கின் ஒளியில் எபாக்ஸி நாளடைவில் மஞ்சளாகும் என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

பி.வி.சி. நுரைப்பலகை எடை குறைந்தது, நீரை உறிஞ்சாது. ஆனால் அது மிருதுவானது. நகம் பட்ட இடமெல்லாம் கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும். வெப்பம் 20 டிகிரி ஏறினால் எட்டடிப் பலகை சுமார் 3 மில்லிமீட்டர் நீளும் என்பதால், பொருத்துகளில் இடைவெளி விடாவிட்டால் அது புடைத்துக்கொள்ளும். விளக்கின் நேர்கீழே இதை வைக்கவே கூடாது.

என் தேர்வு எஃப்.ஆர்.பி. தகடு. கண்ணாடியிழையைப் பாலியஸ்டர் பிசினில் பதித்துச் செய்யப்படும் இத்தகடு, நாள்தோறும் நீரூற்றிக் கழுவப்படும் உணவகச் சமையலறைச் சுவர்களில் பயன்படுவது. நகம் இதைத் துளைப்பதில்லை, ஈரம் ஊடுருவுவதில்லை. சொரசொரப்பான முகப்புடைய தகட்டைத் தவிர்த்து வழுவழுப்பானதையே வாங்கவேண்டும். ஏனெனில் வெளியேற முயலும் பல்லி சுவரில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அறுக்கும்போது பறக்கும் இழைத்தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில்தான் அறுக்கவேண்டும். விலை அதிகம் என்பது உண்மையே. பணம் குறைவாக இருந்தால் தரையிலும், மண்மட்டத்துக்கு அரையடி மேல்வரை சுவரிலும் மட்டும் இதை ஒட்டி, எஞ்சிய பகுதிக்கு எபாக்ஸி பூசலாம்.

வெயில் காயும் மேடைக்கு மட்டும் தரை டைல் அல்லது கல்பலகை ஏற்றது. வெப்பத்தைத் தேக்கி வைத்துப் பல்லியின் வயிற்றுக்கும் கொடுக்கும். கூண்டு முழுவதும் பதித்தால் எடை தாங்காது.

எந்தப் பொருளானாலும் நீர் முதலில் நுழைவது இணைப்பில்தான். எனவே பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிக்கோன் அடைப்புப் பசையை எல்லா மூலைகளிலும் இட்டு அடைக்கவேண்டும். சிலிக்கோன்மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது என்பதால், எபாக்ஸி வேலை முழுவதும் அதற்கு முன்பே முடிந்திருக்கவேண்டும். எபாக்ஸி முற்றாக இறுக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதன்பின் விளக்குகளை முழு வெப்பத்தில் இரண்டு நாள் எரியவிட்டு, மூடிய கூண்டைத் திறந்து முகர்ந்தால் வாடை எதுவும் வராத நிலையில் மட்டுமே உள்ளே மண்ணைக் கொட்டலாம்.